போல்ரூட்டரில் தொடங்கி தாத்தாவின் ஒமேகா வரை: பழைய டயலுக்குப் புதுப் பூச்சு தேவையா?

பதினேழு கல்

சர்வீஸுக்குப் போயிருந்த போல்ரூட்டர் நான்கு மாதம் கழித்து நேற்றுதான் வீடு திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் நம் மன்றத்தில் இந்த இழை.

தெரியாதவர்களுக்காக: இது யூனிவர்சல் ஜெனீவ் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த கைக்கடிகாரம். அந்த நவம்பரில் ஸ்கேண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்து வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்கு வட துருவப் பக்கமாகப் பயணிகள் விமானம் விட ஆரம்பித்தது. துருவத்தின் காந்தப்புலம் வாட்ச்சைக் கெடுத்துவிடக் கூடாது என்று இதைக் கேட்டு வாங்கினார்கள். வரைந்து கொடுத்தவர் ஜெரால்ட் ஜென்டா, அப்போது அவருக்கு வயது 23. பின்னாளில் ராயல் ஓக், நாட்டிலஸ் என்று வரைந்து, எஃகு வாட்ச்சைத் தங்க விலைக்கு மேல் விற்க வழிகாட்டிய அதே மனிதர். எனக்கென்னவோ அந்த 23 வயதுப் பையன் போட்ட கோடுதான் பிடிக்கிறது.

கையில் கட்டிப் பார்த்தால்தான் புரியும். வாட்ச்சின் அகலம் 35 மி.மீ கூட வராது. ஸ்ட்ராப் மாட்டும் நான்கு கால்களும் நேராக இறங்காமல் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு இறங்கும். டயலின் ஓரத்தில் சொரசொரப்பான ஒரு வளையம் சரிவாக நிற்கும். சாயங்கால வெயிலில் வளையம் ஒரு நிறம், நடு டயல் ஒரு நிறம்.

உள்ளே இருப்பது இன்னும் அழகு. ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் கை அசையும்போது சுற்றுகிற எடைத்துண்டு வழக்கமாக மெஷினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதனாலேயே வாட்ச் தடித்துப்போகும். முதல் போல்ரூட்டர்களில் அந்த எடை முழுச் சுற்று கூடச் சுற்றாது, இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் இடித்து இடித்துத் திரும்பும். பிறகு இவர்கள் எடையைச் சின்னதாக்கி மெஷினுக்குள்ளேயே ஒரு மூலையில் குடிவைத்தார்கள். மைக்ரோட்டர் என்று பெயர். ஏறக்குறைய அதே சமயத்தில் பியூரன் கம்பெனிக்கும் அதே யோசனை வந்து, காப்புரிமைச் சண்டை நடந்தது தனிக் கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் டயலில் நான்கு மணிக்குப் பக்கத்தில் டீ சிந்தியது போல ஒரு கறை. சர்வீஸ் செய்தவர், டயலையும் புதுசாகப் பூசித் தரட்டுமா என்று கேட்டார். தயவுசெய்து தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்களாக இருந்தால்?

காந்தமுள்

டயல் பஞ்சாயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் துருவக் காந்தப்புலம்! பூமியின் காந்தப்புலம் நிலநடுக்கோட்டில் சுமார் 0.3 காஸ், துருவத்தில் சுமார் 0.6. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மையின் காந்தம் அதைவிட நூறு மடங்கு. துருவத்தைப் பார்த்து எந்த வாட்ச்சும் பயப்படத் தேவையில்லை. அங்கே உண்மையில் திண்டாடியது திசைகாட்டி. அதற்காக ஜைரோ கருவியை வைத்து விமானம் ஓட்டினார்கள். விமானி அறைக்குள் மோட்டாரும் மின்கருவிகளும் சூழ உட்கார்ந்திருப்பவருக்குக் காந்தத் தடுப்பு வாட்ச் பயன்படும், அது நிஜம். “துருவத்துக்கான வாட்ச்” என்பது விளம்பரக்காரர் மூளை.

மற்றபடி அழகான வாட்ச். பொறாமையாக இருக்கிறது.

பதினேழு கல்

பதினைந்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ஓட்டை போட்டுவிட்டீர்கள். நன்றி என்று சொல்ல மனசு வரவில்லை.

கடைக்காரர் மகன்

நான் மாற்றிப் பேசப் போகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். அப்பா நாற்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் காலத்தில் டயலுக்குப் பூச்சு கொடுப்பது சர்வீஸில் ஒரு பகுதி. கிளாஸ் மாற்றுவது, மெயின் ஸ்பிரிங் மாற்றுவது மாதிரி அதுவும் ஒன்று. கறுத்த டயலோடு வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தால், “ஏம்பா, வேலையே பாக்கலியா?” என்று கேட்பார்கள். இங்கே மட்டும் இல்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. 1960-ல் வாட்ச் கட்டியவர் மணி பார்க்கக் கட்டினார், ஏலம் விட இல்லை.

நம் ஊர் வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் டயல் மேல் இருக்கும் அரக்குப் பூச்சு வெடித்து, உள்ளே பச்சைக் களிம்பு பூக்கும். அதையும் “வயதின் அழகு” என்று போட்டோ போடுகிறார்கள். அண்ணா, அது அழகு இல்லை, அரிப்பு.

மதுரைக்காரி

கடைக்காரர் மகன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என் கதையைக் கேளுங்கள்.

இந்த ஆர்வம் வந்த புதிதில் இணையத்தில் ஒருவரிடம் நீல டயல் போட்ட ஃபேவர்லூபா ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது. அறுபது வயது வாட்ச் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர சந்தேகப்படவில்லை. லென்ஸ் வாங்கிய பிறகுதான் பார்த்தேன். எழுத்தெல்லாம் மை கசிந்த ரப்பர் ஸ்டாம்பு மாதிரி தடித்திருந்தது. நிமிஷக் கோடுகள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் இல்லை. நிமிஷ முள் கோட்டைத் தொடாமல் பாதியிலேயே நின்றது, அதாவது வேறு வாட்ச்சின் முள். அடியில் இருக்க வேண்டிய “சுவிஸ் மேட்” காணவே காணோம். மெஷின் மட்டும் உண்மையான சுவிஸ்.

உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் “மும்பை ஸ்பெஷல்”. ஃபேவர்லூபா, வெஸ்ட் எண்ட், கேமி என்று இந்தியாவில் ஒரு காலத்தில் நிறைய விற்ற பெயர்கள்தான் அதிகம் மாட்டுகின்றன. பழைய மெஷின்கள் இங்கே மலிவாகக் கிடைப்பதால் வந்த வினை. ஆரஞ்சு, கிளிப்பச்சை, நடுவில் ஒரு சிலுவை என்று அந்தக் கம்பெனி கனவில்கூடக் காணாத டயல்கள்.

என் பிரச்சினை பூச்சு இல்லை. பூசினோம் என்று சொல்லாமல் விற்பது.

பதினேழு கல்

மதுரைக்காரி சொன்ன நிமிஷ முள் விஷயத்தைப் புதியவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நல்ல சுவிஸ் வாட்ச்சில் நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடும், மணி முள் மணிக்குறியை எட்டும். 1950-களில் இதில் யாரும் அலட்சியம் காட்டியதில்லை.

இன்னொன்று. டயலில் இருக்கும் பெயர் ஆயிரம், உள்ளே இருக்கும் மெஷின் பத்தே பத்து. கிரென்ஹன் ஊரில் ஏ. ஷில்ட், அதே ஊரில் ஈட்டா, அப்புறம் பெசோ, ஃபெல்சா. இவர்கள் செய்த அரைகுறை மெஷின்களை வாங்கிப் பூர்த்தி செய்து, கேஸ் (வெளிக்கூடு) போட்டு, தங்கள் பெயரில் விற்ற கம்பெனிகள் எத்தனையோ. அது ஏமாற்று வேலை இல்லை, அந்தத் தொழில் நடந்த விதமே அதுதான். அதனால் பெயர் தெரியாத வாட்ச் என்று ஒதுக்காதீர்கள். என்னிடம் யாருக்குமே பெயர் தெரியாத ஒரு வாட்ச் இருக்கிறது, உள்ளே ஷில்ட் மெஷின், 17 கல் (அச்சுகள் தேயாமல் இருக்க வைக்கும் மாணிக்கக் கற்கள்). நாளுக்குப் பத்து விநாடிக்குள்தான் முன்னே பின்னே போகிறது. வாங்கிய விலை ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிட்ட பில்.

தாத்தாவாட்ச்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே புதுசு. இழை பொருத்தமாக இருப்பதால் இதிலேயே கேட்கிறேன்.

என் தாத்தா பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1958-ல் ஊர் திரும்பினார். வரும்போது கட்டியிருந்த ஒமேகா இது. பீரோவை ஒழுங்கு செய்யும்போது அம்மா எடுத்துக் கொடுத்தார். சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. பின்மூடியைத் திறந்தால் மெஷின் செம்பு நிறத்தில் இருக்கிறது, 283 என்று பொறித்திருக்கிறது. எட்டு இலக்க எண் ஒன்று, 14 என்று தொடங்குகிறது.

டயல்தான் கவலை. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், இப்போது மஞ்சள். போதாக்குறைக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமாகப் பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாக அழுக்கு. மணிக்குறிகளிலும் முட்களிலும் காய்ந்த கடுகு மாதிரி ஏதோ உதிர்கிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். ஆயில் சர்வீஸோடு டயலைச் சுரண்டிப் பூசி “புதுசு மாதிரி” தருகிறேன் என்றார். கொடுக்கலாமா?

பதினேழு கல்

தம்பி, கொடுக்காதீர்கள். கடையில் விட்டு வந்திருந்தால், முதலில் வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்!

14-ல் தொடங்கும் எண் என்றால் 1954 வாக்கில் செய்தது. 283 என்பது ஒமேகாவின் புகழ்பெற்ற 30 மி.மீ குடும்பம். 1939-ல் தொடங்கி 1963 வரை சுமார் 30 லட்சம் செய்தார்கள். மெஷினின் குறுக்களவு 30 மி.மீ, அதனால் அந்தப் பெயர். பெரிய மெஷின் என்றால் பெரிய பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்), பெரிய பேலன்ஸ் வீல் என்றால் நிதானம். வானாய்வுக் கூடங்கள் நடத்திய துல்லியப் போட்டிகளுக்கு இந்தக் குடும்பத்திலிருந்துதான் ஒமேகா தனியாக மெருகேற்றி அனுப்பியது. 1953-ல் பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கொடுத்த வாட்ச்சிலும் ஓடியது உங்கள் தாத்தா கையில் ஓடிய அதே 283.

கொஞ்ச நேரம் ஓடி நிற்பது பெரிய நோயே இல்லை. எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டால் ஓடும். அதுவரை சாவி கொடுத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓட்டினால் அச்சு தேயும்.

காந்தமுள்

எண்ணெயைவிட அவசரமான விஷயம், அந்த உதிரும் கடுகு. அது ரேடியம்.

1954 வாட்ச், இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசியது. இப்போது ஒளிராது. ஏனென்றால் ஒளி கொடுக்கும் துத்தநாக சல்ஃபைடு அடிவாங்கிச் செத்துவிட்டது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம், அது அப்படியே இருக்கிறது. கட்டிக்கொண்டு நடப்பதால் பெரிய ஆபத்து இல்லை. தூள்தான் ஆபத்து. மூக்குக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ போனால் எலும்பில் போய்த் தங்கும். இனிமேல் வீட்டில் திறக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். கை கழுவுங்கள். “சுரண்டிப் பூசித் தருகிறேன்” என்ற கடைக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள், பாவம், அவருக்கும் நுரையீரல் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பக்கத்தில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தே இந்தப் பூச்சு வேலையைச் செய்தார்கள், 1960-களின் ஆரம்பம் வரைக்கும். 2015-லிருந்து அந்த நாட்டுச் சுகாதாரத் துறை பழைய வீடுகளாகத் தேடிப்போய் அளந்து சுத்தம் செய்திருக்கிறது. பிறகு டிரிடியம் வந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 12 வருஷம்தான். டயல் அடியில் “டி” என்ற எழுத்து போட்டிருந்தால் டிரிடியம்.

இனி அந்தப் பழுப்புப் பட்டை. தம்பி, ஒன்று கேட்கிறேன். பட்டை இரண்டும் வாட்ச் முட்கள் நீளத்துக்கு இருக்கின்றனவா? ஒன்று குட்டை, ஒன்று நெட்டையா?

தாத்தாவாட்ச்

ஆமாம் சார்! இப்போதுதான் அப்படிப் பார்க்கிறேன். குட்டையானது ஏழு மணிக் குறியைக் கொஞ்சம் தாண்டி, நெட்டையானது நான்கு மணிக் குறியில். பீரோவிலிருந்து எடுத்தபோது முள் எங்கே இருந்தது என்று கவனிக்கவில்லை, எடுத்த உடனே சாவி கொடுத்துவிட்டேன்.

காந்தமுள்

அப்படியென்றால் அது அழுக்கு இல்லை. முட்களில் இருந்த ரேடியம், அசையாமல் நின்ற இடத்தில் அடியிலிருந்த டயலைச் சுட்டிருக்கிறது. ஒரே இடத்தில் பல வருஷம் நின்றால்தான் இப்படி வரும். வாட்ச் 7:20-க்கு நின்று, அப்படியே பீரோவில் கிடந்திருக்கிறது. டயலில் இருப்பது அந்த 7:20-ன் நிழல்.

மதுரைக்காரி

எனக்குப் புல்லரிக்கிறது. அதைச் சுரண்டவா பார்த்தீர்கள்?

கடைக்காரர் மகன்

ரேடியம் நிழல் அப்பாவும் பார்த்திருக்கிறார். “சூடு பட்ட டயல்” என்பார். நேற்று ராத்திரி போன் செய்து இந்த இழையை வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அந்த மாதிரி எத்தனை டயல பூச அனுப்பிருக்கேன்னு கணக்கே இல்ல” என்றார். வருத்தமாகச் சொன்னாரா சும்மா சொன்னாரா தெரியவில்லை.

என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. களிம்பு பூத்து எழுத்தே தெரியாத டயலை, தினமும் கட்டப்போகிறவருக்குப் பூசிக் கொடுப்பதில் தப்பு இல்லை. பதினேழு கல் அண்ணாவிடம் முப்பது வாட்ச் இருக்கிறது, ஒன்றில் கறை இருந்தால் ரசிக்கலாம். ஒரே ஒரு வாட்ச் வைத்திருப்பவர் வேறு மாதிரி யோசிப்பார். ஆனால் தம்பியின் டயலை நானும் தொடமாட்டேன்.

வேலைக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள்: ரேடியம் தெரிந்த ஆள் மட்டும் கழற்ற வேண்டும். டயலில் துணிகூடப் படக்கூடாது. முட்களில் உதிர்வதைப் பின்பக்கமாக மெல்லிய பசை விட்டு நிறுத்தலாம். கேஸை பாலிஷ் போட விடாதீர்கள். பாலிஷ் இயந்திரத்தில் ஐந்து நிமிஷம் காட்டினால் எழுபது வருஷத்து விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும். கிளாஸ் கீறியிருந்தால் டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தாலே போகும், அது பிளாஸ்டிக்தான். மாற்றுவதற்கு முன் லென்ஸில் பாருங்கள், நட்டநடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒமேகா குறி இருந்தால் அது கம்பெனி கிளாஸ், பத்திரமாக வையுங்கள்.

பதினேழு கல்

முப்பது இல்லை, இருபத்தெட்டு. வீட்டில் யாரும் இந்த இழையைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னதை யோசித்தேன். நான் பூச்சு வேண்டாம் என்று சொல்வது சேகரிப்பாளன் விலைக்காகச் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. விலையும் உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கால டயலை ஒரு தடவை பெரிய லென்ஸில் பார்த்தவன் அதைப் பூசச் சம்மதிக்கமாட்டான். போல்ரூட்டரின் மணிக்குறி ஒவ்வொன்றும் தனித் துண்டு, பட்டை தீட்டியது. எழுத்தை மெல்லிய ஜெலட்டின் உருண்டையால் ஒற்றி எடுத்து அச்சடித்திருக்கிறார்கள், விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். பூசுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தத் தகடும் அந்த மையும் இப்போது இல்லை.

தாத்தாவாட்ச்

பத்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்.

அம்மாவிடம் கேட்டேன். தாத்தா 1981-ல் தவறினார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பாட்டி வாட்ச்சைக் கழுவித் துடைத்து பீரோவில் வைத்திருக்கிறார். அதன் பிறகு யாரும் தொடவில்லையாம். அப்படியானால் 7:20 என்பது தாத்தா போன நேரமா என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வது?

காந்தமுள்

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முழுச் சாவி கொடுத்தால் இந்த மெஷின் 40 மணி நேரம்போல ஓடும். அவர் கடைசியாகச் சாவி கொடுத்து, ஏறக்குறைய ஒன்றரை நாள் கழித்து ஸ்பிரிங் தளர்ந்து நின்ற நேரம் அது. காலையா சாயங்காலமா என்பதை டயல் சொல்லாது.

அவர் எப்போது சாவி கொடுப்பார் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் கணக்குப் போடலாம்.

தாத்தாவாட்ச்

அம்மா யோசிக்காமல் சொன்னார்: இரவு மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் குடிப்பார், அப்போது இருட்டிலேயே சாவி கொடுப்பார். கர்ர் கர்ர் என்ற சத்தத்தில் பாட்டி திட்டுவாராம். அதிலிருந்து 40 மணி நேரம் என்றால் மறுநாள் சாயங்காலம் ஏழு மணி. சரியாக வருகிறது சார். கையெல்லாம் நடுங்குகிறது.

வாட்ச்சை வெளியூரில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். ரேடியம் வேலை தெரிந்தவர். டயலைத் தொடமாட்டேன் என்று அவரே சொன்னார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்மூடியின் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கின்றன, பழைய ரிப்பேர்க்காரர்கள் போட்ட அடையாளமாம். ஒன்றில் 9-67 என்று தெரிகிறது, பக்கத்தில் தமிழ் எழுத்து “மு”. இன்னொன்று சீன எழுத்து மாதிரி இருக்கிறது, மூன்று எழுத்து. பினாங்கில் போட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் மகன்

9-67 என்றால் 1967 செப்டம்பரில் கழற்றியிருக்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான் கீறுவார், மாதமும் வருஷமும். எந்த ஊர் தம்பி உங்களுக்கு? “மு” யார் என்று அப்பாவிடம் கேட்கிறேன், அந்தக் காலத்துக் கடைக்காரர்களை ஓரளவு தெரியும் அவருக்கு.

மதுரைக்காரி

அந்த மூன்று சீன எழுத்தையும் பெரிதாக்கிப் படம் போடுங்கள். மலேசியாவிலிருந்து இங்கே வருகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள்.